உப்பில்லாத சமையலறை

"உப்பு டப்பா எங்க இருக்கு?"

செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்த மருந்துக்கடைக்காரம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, டப்பாக்களில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இந்த ரூம்ல உப்பே கிடையாது மேடம். எங்க சமையல் எல்லாம் அந்தப் பக்கம். இங்க கிளிங்களுக்கு மட்டும்தான்" என்றாள் கலவைக்காரி. குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். ஈரத்துணியால் காய்கறிப் பலகையைத் துடைத்தாள்.

பத்தொன்பது வீட்டுக் கிளிகளுக்குத் தினமும் காலை ஏழு மணிக்குள் பச்சைக் காய்கறிக் கலவை நறுக்கி, பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தொழில். அவள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தப் பெட்டிகளால்தான். கிளி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு மருந்துக்கடைக்காரம்மாதான் தலைவி. அவர் அதில் ஒரு வரி தட்டிவிட்டால் போதும், நாளைக்கே கடையைக் கட்ட வேண்டியதுதான்.

அம்மாள் தனியாக வரவில்லை. அவருடைய மாமனார் கூண்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து, மூச்சு வாங்க முக்காலியில் உட்கார்ந்தார். கூண்டுக்குள் சாம்பல் நிறக் கிளி ஒன்று சவலைப் பிள்ளைபோல் ஒடுங்கியிருந்தது.

"மூணு வாரத்துல நாப்பது கிராம் குறைஞ்சிருக்கு. நேத்து கிண்ணத்துல மிச்சம் கிடந்த காரட் துணுக்கை நாக்குல வச்சுப் பார்த்தேன். உப்பு. கிளிக்கு உப்பு ஆகாதுன்னு உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா?"

"என் பிள்ளைங்கமேல சத்தியமா நான் போடலை மேடம்."

"சத்தியமெல்லாம் அப்புறம். இப்ப என் கண்ணு முன்னாடி நறுக்குங்க."

நறுக்கினாள். காரட், பீன்ஸ், பூசணி, ஒரு கைப்பிடிக் கீரை. கழுவி, ஈரம் போகத் துணியில் உருட்டி எடுத்து, பலகையில் பரப்பினாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால்கூட அவள் இவ்வளவு பயந்து நின்றதில்லை.

மருந்துக்கடைக்காரம்மாவின் பார்வை கத்தியைவிட்டு நகரவில்லை. நடுவில் ஒரு பூசணித் துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்று பார்த்து விழுங்கினார்.

அதுவரை வாயே திறக்காத பெரியவர் முக்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பீன்ஸை இன்னும் கொஞ்சம் பொடியா நறுக்கும்மா."

"அதுக்குத்தான் அலகு இருக்கே மாமா, கடிச்சுக்கும்" என்ற மருமகள், கலவைக்காரியிடம் திரும்பினார். "இவருக்குக் கிளின்னா உயிரு. எனக்கு எங்க நேரம் இருக்கு? ரத்தக்கொதிப்புக்காரர், இவருக்கு ஓட்ஸ் கஞ்சியை வச்சிட்டு எட்டு மணிக்குக் கடைக்கு ஓடிடுவேன். அப்புறம் உங்க பெட்டியைத் திறந்து கிளிக்கு வைக்கிறதெல்லாம் இவர்தான்."

அந்த ஒரு பாராட்டுக்குப் பெரியவர் ஏனோ தலையைக் குனிந்துகொண்டார்.

கலவை தயாரானது. ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கூண்டுக்குள் வைத்தாள். கிளி ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு பாய்ந்து வந்து, பத்து நாள் பட்டினி கிடந்ததுபோல் கொத்தித் தின்றது. கலவைக்காரிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"பார்த்தீங்களா மேடம்? நல்லாத்தான் சாப்பிடுது."

"பார்த்தேன். நான் பக்கத்துல நின்னா உப்பு இல்லை, சாப்பிடுது. நான் இல்லாதப்ப வந்த பெட்டியில உப்பு, உடம்பு இளைக்குது. இதுக்கு மேல என்ன வேணும்?"

தான் நறுக்கிய கலவையே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று கலவைக்காரி நினைத்துப் பார்க்கவில்லை. மருந்துக்கடைக்காரம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். தட்டத் தட்ட வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் வேறு.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னையிலேருந்து யாரும் இந்தம்மாகிட்ட..."

"மேடம், வேண்டாம் மேடம். ஒரே ஒரு வாரம் பாருங்க. அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

"ஒரு வாரத்துல என் கிளி போயிட்டா யார் பொறுப்பு?"

கலவைக்காரியின் கண் நிறைந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்தாள். இனி அதற்கு வேலை இருக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

பெரியவர் அவள் முகத்தைப் பார்த்தார். மருமகளின் கட்டைவிரல் போனில் ஓடுவதைப் பார்த்தார். மெல்ல எழுந்து வந்து, சட்டைப்பையில் கையை விட்டு, நாலாக மடித்த சின்னக் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் காய்கறிப் பலகைமேல் வைத்தார். பிரித்தார்.

உள்ளே ஒரு சிட்டிகை உப்பு.

"அந்தப் பொண்ணை விட்டுடும்மா. தினமும் போட்டது நான்தான்."

மருந்துக்கடைக்காரம்மாவின் விரல் அப்படியே நின்றது. "என்ன மாமா இது? விவரம் தெரிஞ்ச நீங்களே கிளிக்கு உப்புப் போடலாமா?"

பெரியவர் பலகையில் மிச்சமிருந்த பொடி பீன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளிக்கு இல்லம்மா... எனக்கு."