முதல் வீடியோ நோயாளி

மணி ஆறாக இரண்டு நிமிஷம் இருக்கும்போது பல் டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். வீடியோவில் வரப்போகிற நோயாளியின் வாய்க்குள் கையை விட முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் இருபத்தெட்டு வருஷப் பழக்கம், லேசில் விடுமா?

அலமாரிக் கதவு அகலத்துக்கு எதிரே நின்ற திரை, அதன் தலையில் உட்கார்ந்திருந்த கேமரா, வாயைப் படம் பிடித்து ஒவ்வொரு பல்லுக்கும் நம்பர் போடும் சாஃப்ட்வேர், எல்லாம் மகளின் ஏற்பாடு. அவளும் பல் டாக்டர்தான், பக்கத்து அறையில். “அப்பாவுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது” என்று அவள் நர்ஸிடம் சொன்னது போன வாரம் இவர் காதில் விழுந்து தொலைத்தது. அன்றைக்குப் பிடித்த ரோஷம் இன்னும் இறங்கவில்லை.

இன்று காலையில் அவளே வந்து நின்றாள். “அப்பா, சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோல மூணு பேர் வருவாங்க. ரொம்ப முக்கியமானவங்க. சிடுசிடுன்னு பேசாம, என்ன ஏதுன்னு பொறுமையா கேளுங்க. மத்ததை அவங்களே சொல்வாங்க.” யார், என்ன என்று இவர் வாயெடுப்பதற்குள் தன் நோயாளியைப் பார்க்க ஓடிவிட்டாள்.

திரை விழித்தது. ஒரு அப்பா, ஒரு அம்மா, நடுவில் ஒரு பையன். மூன்று பேரும் படிய வாரிய தலையும் இஸ்திரி கலையாத உடுப்புமாக விறைத்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரிடம் காட்ட இவ்வளவு அலங்காரமா! இந்தக் காலத்தில் இப்படியும் மரியாதை தெரிந்த மனுஷர்களா என்று அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

முதல் ஐந்து நிமிஷம் அவர் மட்டும் பேசினார். அவர்கள் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்கள். பல் டாக்டரிடம் வந்து காதைக் காட்டுகிறார்களே என்று குழம்பிய பிறகுதான், தன் பக்கமிருந்து சத்தமே போகவில்லை என்பது புரிந்து ஒரு பொத்தானைத் தட்டினார்.

“இப்பக் கேக்குதா? நல்லது. சொல்லுங்க, யாருக்கு என்ன பிரச்சினை?”

“பிரச்சினைன்னு சொல்ல முடியாதுங்க.” அப்பா தொண்டையைக் கனைத்தார். “பையன் ரெண்டு வருஷமா வெளிய சொல்லாமலே இருந்திருக்கான். போன வாரம்தான் எங்களுக்கே தெரியும்.”

“ரெண்டு வருஷமா!” டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “எப்படித் தம்பி தாங்கிக்கிட்டே?”

“கஷ்டமாத்தான் இருந்துச்சு சார்.”

“ராத்திரி தூக்கம்?”

“சரியா வர்றதில்ல.”

“சாப்பாடு?”

“எங்கே இறங்குது?” அம்மா முந்திக்கொண்டார். “தட்டைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கான்.”

டாக்டர் உச்சுக்கொட்டினார். “எந்தப் பக்கம்? வலதா, இடதா?”

பையன் விழித்தான். கை தானாக எழும்பிப் பாதியில் நின்றது. “இ... இடது பக்கம்னுதான் நினைக்கிறேன்.”

“சரி. போனைக் கிட்டக் கொண்டு வந்து, லைட்டைப் போட்டு, வாயை நல்லாத் திற.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“திறடா,” அப்பா அதட்டினார். “பெரியவர் கேக்கறார்ல.”

திரை முழுக்க வாய். டாக்டர் தொட்டதும் படம் உறைந்து, சாஃப்ட்வேர் கடகடவென்று நம்பர் போட்டது. முப்பத்திரண்டும் முத்து. மருந்துக்குக்கூட ஒரு சொத்தை இல்லை.

டாக்டர் மூக்கைத் தேய்த்தார். முதல் வீடியோ நோயாளியிடமே ஒன்றும் புரியவில்லை என்று சொன்னால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? “ஒருவேளை பரம்பரையா வர்றதா இருக்கும். நீங்களும் கொஞ்சம் காட்டுங்க சார்.”

“நானுமா?” அப்பா மனைவியைப் பார்த்தார். மனைவி ‘ம்’ என்று தலையாட்டவும், அகலமாகத் திறந்தார். சாஃப்ட்வேர் முப்பதோடு நின்றுவிட்டது.

“கீழ்க் கடவாய் ரெண்டைக் காணோமே?”

“அது போயிப் பல வருஷம் ஆச்சுங்க. மறைக்கணும்னு இல்ல, கேட்டா சொல்லலாம்னு இருந்தோம்.”

“எனக்கு ஒண்ணு கட்டின பல்லு,” அம்மா தானாகவே ஒப்புக்கொண்டார். “பின்னால பேச்சு வரக்கூடாது பாருங்க.” அவரும் போனை வாங்கி வாயைத் திறந்தார்.

“இவ்வளவு தூரம் பார்ப்பாங்கன்னு நினைக்கலையே” என்று அப்பா அம்மாவிடம் முணுமுணுத்தது துல்லியமாகக் கேட்டது. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார் டாக்டர்.

“பயப்பட ஒண்ணுமில்ல,” என்றார் கம்பீரமாக. “ஆனா இதையெல்லாம் இழுத்தடிக்கக் கூடாது. சட்டுபுட்டுன்னு முடிச்சுடணும்.”

“நாங்களும் அதையேதாங்க பேசிக்கிட்டோம்!”

“தம்பியை நேர்ல கூட்டிக்கிட்டு வாங்க. என் பொண்ணு பார்த்துப்பா. அவகிட்ட ஒப்படைச்சுட்டீங்கன்னா அப்புறம் தம்பியைப் பத்தி நீங்க கவலைப்படவே வேண்டாம். அவ கை அவ்வளவு பதமான கை.”

பையன் முகம் சிவந்து கவிழ்ந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. இத்தனை வருஷத்தில் நோயாளிகள் வலியில் அழுது பார்த்திருக்கிறார். சந்தோஷத்தில் ஒருத்தர் அழுவது இதுதான் முதல் தடவை. அதுவும் ஊசி போடாமல், கருவி எடுக்காமல், வெறும் வீடியோவில்! மகளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல் இருந்தது.

“வேற ஏதாவது கேக்கணுமா?” என்றார் தாராளமாக.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“அதான் பல்லுப் பொருத்தமே பார்த்துட்டீங்களே. கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம், சம்பந்தி?”