ஒரு சொல் மாறாமல்

"மத்த பிள்ளைங்களுக்கு நாலு சொல்லுக்கு மேல நினைவுல நிக்காது," என்றார் டீச்சர். "உங்க குட்டி மட்டும் எவ்வளவு நீளமா சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்றா. ஒரு சொல் மாறாது. இப்படிக் காது பழகிட்டா வாசிப்பு தானா வந்துடும். வீட்டுல என்ன விளையாட்டு விளையாடுறீங்க?"

அப்பா சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார்.

"தனியா ஒண்ணும் இல்லைங்க," என்றாள் அம்மா. "வீட்டுல பேசறதுதான்."

"தினமுமா?"

"தினமும்தான்," என்றார் அப்பா.

"விட்டுடாதீங்க."

குட்டியோடு வெளியே வந்ததும் அப்பா காரைத் திறந்தார். அம்மா ஓரடி தள்ளி நின்றாள்.

"குட்டி, நீ என்கூட வா," என்றார் அப்பா. " அவளை பஸ்ல வரச் சொல்லு."

அம்மா குட்டியைப் பார்த்தாள். மழைக்காலத்தில் போட்ட சண்டைக்குப் பிறகு வீட்டில் எல்லாச் செய்தியும் குட்டி வழியாகத்தான் போய் வந்தது.

குட்டி இருவரையும் ஒருமுறை பார்த்தாள்.

"அம்மா, அப்பா உன்னையும் கார்ல ஏறச் சொல்றார்."

அம்மா சற்று நின்றாள். பிறகு பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

அப்பா குட்டியை வெகுநேரம் பார்த்தார்.

"பெல்ட் போட்டுக்கச் சொல்லு," என்றார்.