கறுப்பு வயர், சிவப்பு வயர்

"பிளக்கைப் பிடுங்குடா முதல்ல!"

அத்தான் போட்ட சத்தத்தில் பத்தரையின் தூக்கம் போன திசை தெரியவில்லை. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினான். அதற்குள் அத்தான் முழங்கை வரை கையை விட்டு, தொட்டியின் காவித் தண்ணீரிலிருந்து இரும்புத் துண்டை வெளியே எடுத்திருந்தார். துடைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பழைய பைக்குகளைத் துரு நீக்கிப் புதுசாக்கித் தரும் பட்டறை அது; அத்தான் வீட்டை ஒட்டியே இருந்தது. பத்தரை, அத்தானின் மனைவிக்குத் தம்பி. நாற்பதை நெருங்கியும் பத்தரை மணிக்கு முன்னால் விடியாத ஆள் என்பதால் வந்த பெயர். போன இடமெல்லாம் வேலையைத் தொலைத்துவிட்டு வந்தவனை, அக்கா மூக்கைச் சிந்தியதற்காகத்தான் அத்தான் சேர்த்துக்கொண்டார். இன்னொரு தடவை சொதப்பினால் அக்கா வீடு என்று இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று சொல்லியும் வைத்திருந்தார்.

"வயரை மாத்தி மாட்டியிருக்கே, மாப்ளே."

பத்தரை துண்டை எட்டிப் பார்த்தான். சேர்ந்த அன்றே அத்தான் மண்டையில் ஏற்றிய பாடம் அது. சோடா உப்புத் தண்ணீரில், சார்ஜரின் கறுப்பு வயர் துரு எடுக்க வேண்டிய பொருளுக்கு. சிவப்பு வயர் எதிரே தொங்கும் உதவாக்கரைத் தகட்டுக்கு. சரியாக மாட்டினால் பொருளில் நுரை பொங்கி, துரு தானாகக் கழன்று வரும். மாற்றி மாட்டினால் தகடு பிழைக்கும். பொருளைக் கரையான் மாதிரி கரண்டு தின்றுவிடும்.

துண்டில் சிவப்பு வயர்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வேறு யாருடையதாவது இருந்தால் கையில் காலில் விழுந்து சமாளித்திருக்கலாம். இது டீச்சரம்மா கொடுத்தது. மூன்று வருடம் முன்பு அவருடைய ஒரே மகனை ஒரு பழைய காலத்து பைக் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. பார்த்தவர்களுக்கு வண்டியின் மாடல் தெரிந்ததே தவிர, ஓட்டியவன் முகம் தெரியவில்லை. அந்த வண்டியின் இரும்புச் சட்டத்தில் அறுத்த துண்டு பழைய இரும்புக் கடையில் கிடைத்துவிட்டது, துருவுக்கு அடியில் சேஸிஸ் நம்பர் இருக்கிறது, அது தெரிந்தால் ஆளும் தெரிந்துவிடும் என்று நேற்று அழாத குறையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

நம்பர் இருந்த இடம் அம்மை போட்ட முகம் மாதிரி குழி குழியாக இருந்தது. ஓர் இலக்கம்கூட மிச்சமில்லை.

"சாயங்காலம் நான் மாட்டினப்போ நுரை இந்தத் துண்டுலதான் அத்தான் பொங்குச்சு. கண்ணால பார்த்தேன்."

"அப்போ நான் பூட்டின பட்டறைக்குள்ள பேய் வந்து மாத்திட்டுப் போச்சா?"

பத்தரைக்கே சந்தேகம் வந்துவிட்டது. அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தன் கையை நம்பி அவன் எந்தக் காரியத்தில்தான் ஜெயித்தான்?

டீச்சரம்மா வந்து நின்றபோது அத்தானே பேசினார். மச்சினன் என்று வேலைக்கு வைத்தது தன் தப்பு என்றார். இன்றோடு அவனைத் துரத்திவிடுவதாகச் சொன்னார். அக்கா சமையலறை வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த அம்மாள் அழவில்லை. துண்டை வாங்கி, அந்தக் குழிகளை விரலால் தடவிப் பார்த்தார்.

பத்தரைக்குத் தாங்கவில்லை. "உங்க பையனைக் கொன்னவனை நான்தாம்மா தப்பிக்க விட்டுட்டேன். என்ன வேணா திட்டுங்க."

"நீங்க மாட்டும்போது சரியா மாட்டினீங்களா தம்பி?"

அவன் அத்தானைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். "சரியாத்தாம்மா மாட்டினேன். சத்தியமா."

"இன்னும் என்னடா வாய்," என்று அத்தான் கையை ஓங்கினார்.

"அவரை அடிக்காதீங்க." டீச்சரம்மா தோள் பையைத் திறந்தார். அதே மாதிரி இரும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினார். எல்லாம் துரு நீங்கிப் பளபளத்தன. எல்லாவற்றிலும் நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

பத்தரைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அத்தானின் ஓங்கிய கை இறங்க மறந்து அந்தரத்தில் நிற்பதைப் பார்த்ததும், காரணம் தெரியாமலே அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"அந்த வண்டியோட சட்டம் எனக்குக் கிடைக்கவே இல்லைங்க," என்றார் டீச்சரம்மா. "இதெல்லாம் அதே மாடல்ல கடை கடையா பொறுக்கின பழைய இரும்பு. அந்த மாதிரி வண்டியை வெச்சு ஓட்டறவங்க இந்த ஊர்ல உங்க தொழில்காரங்கதான். அதனால பட்டறைக்கு ஒண்ணா கொடுத்து, இதுதான் என் பையனை அடிச்ச வண்டின்னு எல்லார்கிட்டயும் ஒரே பொய்யைச் சொன்னேன்."

பிறகு அத்தானை நேராகப் பார்த்தார்.

"மத்தவங்க எல்லாரும் துருவை எடுத்துக் கொடுத்தாங்க. நம்பரை அழிச்சது நீங்க ஒருத்தர்தான்."