சிங்கப்பூர்க்காரருக்கு வெள்ள நிவாரணம்

“இன்னாண்ணே, சிங்கப்பூர்லயும் வெள்ளம் வந்திச்சா?”

பின்னாலிருந்து சரத்குமார் கேட்டதும் ரேஷன் கடை வரிசையே சிரித்தது.

சிங்கப்பூரிலிருந்து லீவில் ஊருக்கு வந்திருந்த சிவசங்கருக்குச் சுர்ரென்று ஏறியது. திரும்பினான்.

“ஏன், என் பேர்ல கார்டு இல்லியா? மணலூர்பேட்டையில எனக்கு வூடு இல்லியா?”

“இருக்குதே, மாடி வூடு! ஆத்துத் தண்ணி உங்க வாசப்படியக்கூட நனைக்கலியேண்ணே!”

மறுபடியும் சிரிப்பு.

“இங்க பாரு. நான் சிங்கப்பூர்ல வரி கட்டறேன். கள்ளக்குறிச்சியில ரெண்டு கடை வாடகைக்கு விட்டிருக்கேன், அதுக்கு இங்கயும் வரி கட்டறேன். இத்தினி வருஷத்துல இந்த கவர்மெண்டு எனக்கு இன்னா குடுத்திச்சு? என் காசத்தான் எனக்குத் திருப்பிக் குடுக்கறாங்க. உனக்கு இன்னா நஷ்டம்?”

சரத்குமார் பதிலுக்கு வாயெடுத்தான். அதற்குள் சிவசங்கருக்கு முன்னால் நின்றிருந்த இருசம்மாள் திரும்பிவிட்டாள்.

சிவசங்கரின் அப்பா காலத்திலிருந்து அவர்கள் கழனியில் நடவு நட்டவள். ஆற்றோரத்தில் இருந்த அவளுடைய கூரை வீடு, வெள்ளம் வந்த அன்றைக்கே சுவரோடு சரிந்துபோனது. குடும்பத்தோடு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறாள்.

“டேய், வாய மூட மாட்ட? யாருகிட்ட இன்னா பேசறதுன்னு தெரியாது உனக்கு?” என்று சரத்குமாரை ஒரு அதட்டு அதட்டினாள். பிறகு குரலைத் தணித்து, “தம்பி, நீங்க எனக்கு முன்னால போங்க. ரொம்ப நேரம் இங்க நிக்காதீங்க” என்றாள்.

‘மரியாதை தெரிஞ்சவ’ என்று நினைத்துக்கொண்டே சிவசங்கர் முன்னால் போய்விட்டான். மெஷினில் விரலை வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது. நோட்டுகளைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தான்.

வீட்டுக்கு வந்ததும் சிங்கப்பூரில் இருக்கிற மனைவி சந்தியாவுக்குப் போன் போட்டான்.

“நிவாரணம் வாங்கிட்டேன்! இன்னிக்கு மட்டன் பிரியாணி, கவர்மெண்டு செலவுல!”

“உங்களுக்கு வெக்கமா இல்லியா? அது இல்லாதவங்களுக்குக் குடுக்கறதுங்க.”

“வெக்கப்பட நான் இன்னா திருடனா? காசுக்காகவா போய் நின்னேன்? உரிமைடி, உரிமை.”

சந்தியா போனை வைத்துவிட்டாள்.

பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்தான். யாரோ கதவைத் தட்டுவது கேட்டது. எழுந்துபோய்த் திறந்தான்.

இருசம்மாள். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

சிவசங்கருக்குப் புரிந்துவிட்டது. காலையில் வரிசையில் முன்னால் விட்டாள், இப்போது வீடு கட்டப் பணம் கேட்டு வந்து நிற்கிறாள். அவள் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டான்.

“காசு கீசுன்னா இப்ப வராத இருசம்மா. என் கையில சுத்தமா ஒண்ணும் இல்ல.”

“தெரியும் தம்பி” என்றாள் அவள். “அதான் வந்தேன்.”

முந்தானைக்குள் மறைத்து எடுத்துவந்த பையை வாசலில் வைத்தாள். உள்ளே அரிசியும் பருப்பும்.

“இன்னா இது?”

“தப்பா எடுத்துக்காதீங்க. காலையில உங்களை அங்க பாத்ததுமே எனக்குப் பகீர்னுச்சு. வேலை கீலை பறிபோவாம, அப்பேர்ப்பட்ட மனுஷனோட புள்ள ஏன் ரேஷன் கடையில வந்து நிக்கப் போவுது? மனசு கேக்கல.”

சிவசங்கர் பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அந்த சரத்குமாரையும் தனியா கூப்ட்டு ஏசினேன். பாவம்டா, அந்தத் தம்பி வேலையில்லாம வந்திருக்குது, வெளிய சொல்ல முடியாம வரி அது இதுன்னு பேசுது, நீ வேற குத்திக் காட்டறியான்னு கேட்டேன். தலையத் தொங்கப் போட்டுக்கினான். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கான்.”

“இருசம்மா, இத எடுத்துக்கினு போ. உங்களுக்கு வேணாமா?”

“எங்களுக்கு வூடுதான தம்பி போச்சு? பள்ளிக்கூடத்துல மூணு வேளையும் சோறு போடறாங்க. வூடு போனவங்களுக்குன்னு தனியா குடுத்த இந்த அரிசி சும்மாதான் கெடக்குது.”

அவன் சட்டைப் பைக்குள் கையைவிட்டான். பிரியாணிக்குப் போக மிச்சமிருந்த நோட்டுகளை அப்படியே எடுத்து நீட்டினான்.

“இதையாவது நீ வச்சுக்க.”

அவள் பதறிப் பின்வாங்கினாள்.

“ஐயய்யோ, வேணாம்! உங்களுக்குன்னு வந்தது. சிங்கப்பூர்ல உங்க பசங்க இருக்குதுங்க, அனுப்புங்க. எனக்கு இன்னா, தண்ணி வடிஞ்சா கூலி வேலைக்குப் போயிடுவேன்.”

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. எனக்கு வேலை போகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஆனால் அதைச் சொன்னால், பிறகு எதற்காக வரிசையில் நின்றாய் என்று அவள் கேட்காவிட்டாலும் அந்தக் கண்கள் கேட்குமே!

இருசம்மாள் படியிறங்கினாள். இறங்கியவள் நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“வேலை போயி எத்தினி நாளாச்சு தம்பி?”

இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவளைப் பேர் சொல்லாமல் கூப்பிட்டிராத சிவசங்கர், தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

“ரெண்டு மாசம் ஆச்சுக்கா.”