முன்வரிசை பெஞ்சு

எல்லாக் குட்டிகளுக்கும் பொதுவாக ஒரு விளையாட்டுத் திடல் அமைக்கக் குரங்குகள் கூட்டம் போட்டன. கோழி முதல் ஆளாகப் போய், "என் குஞ்சு கிளறி விளையாடக் கொஞ்சம் புழுதி விட்டுவையுங்கண்ணே" என்றது.

"அதையெல்லாம் யோசிக்காமலா இருப்போம்?" என்றது தலைமைக் குரங்கு.

திறப்பு விழாவன்று போய்ப் பார்த்தால் மேலே முழுக்க ஊஞ்சல் கயிறு, கீழே முழுக்க சிமென்ட். கிளற ஒரு பிடி மண்ணில்லை.

"என் குஞ்சுக்கு எங்கேண்ணே இடம்?"

"முன்வரிசையிலேயே பெஞ்சு போட்டிருக்கோமேம்மா! ஆடுறவங்களுக்குக் கைதட்ட ஆள் வேண்டாமா?"

கோழி சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கு நின்றது. அதற்குள் பெஞ்சில் தொற்றி ஏறிவிட்ட குஞ்சு, முளைத்தும் முளைக்காத சிறகுகளைப் படபடவென்று அடித்தபடி கேட்டது:

"நான் நல்லாத் தட்டுறேனாம்மா?"