குடும்பப் பெயர்

அப்பாவின் பெயரைப் படித்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆடிட்டர் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினார்.

“எல்லா பில்லிலயுமா சார்?”

“எல்லாத்துலயும். இந்த வருஷம் நீங்க வெளிநாட்டிலிருந்து இறக்கின அத்தனைக்கும் உங்க அப்பாதான் ஓனர். கம்பெனி பேரு எங்கயுமே இல்ல.”

அட்டைப்பெட்டி செய்யும் மெஷின்களை வரவழைத்து விற்பது அவன் தொழில். துறைமுகத்தில் கம்பெனி பணத்தில் வரி கட்டுவான். விற்கும்போது கட்டவேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்வான். பில் கம்பெனி பெயரில் இருந்தால்தான் கழிக்க முடியும். இல்லையென்றால் அதே வரியை இன்னொரு தடவை கட்டவேண்டும். அதற்கு அவனிடம் வழியில்லை. கடையை மூட வேண்டியதுதான்.

“சப்ளையரோட வெப்சைட்ல ரெண்டு கட்டம் இருந்துச்சு சார். முதல் பெயர், குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரிச்சு எழுதினேன்.”

“அவங்க ஊர்ல ரெண்டாவது கட்டத்துல இருக்கறவன்தான் மனுஷன். முதல் கட்டம் பொண்டாட்டி கூப்பிடறதுக்கு.”

“மெயில்லகூட திருன்னு போட்டு அப்பா பேரைத்தான் எழுதுவாங்க. மரியாதைன்னு நெனச்சேன்.”

“மரியாதைதான். உங்களுக்கு இல்ல, அவருக்கு. கம்பெனி பேரு எழுதக் கட்டம் இல்லையா?”

“இருந்துச்சு. கட்டாயமில்லைன்னு போட்டிருந்தாங்க. விட்டுட்டேன்.”

ஆடிட்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“அப்பா இருக்கார் இல்ல?”

“அக்கா வீட்டில இருக்கார்.”

“அப்ப ஒரே வழிதான். நான் எதையும் வாங்கலை, பேரு தப்பா விழுந்திருக்குன்னு அவர் எழுதித் தரணும். தந்தா சப்ளையர் பில்லை மாத்தித் தருவான். வரி ஆபீஸ்லயும் ஒத்துக்குவாங்க. ஆனா அவரையும் விசாரிப்பாங்க. என்னுதுன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லிட்டார்னா, அதுக்கப்புறம் இந்தப் படி ஏறாதீங்க.”

அவன் அப்பாவிடம் பேசி ஆறு வருஷமாகிறது. சொந்தத் தொழிலுக்குப் பேங்கில் கடன் கேட்டபோது அவர் ஜாமீன் கையெழுத்துப் போட மறுத்தார். “உங்க பேரைச் சொல்லிப் பிழைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வெளியேறினான். அப்போது அவன் செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு என்ன செய்கிறான் என்று வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

அக்கா கதவைத் திறந்தாள். “வழி தெரிஞ்சுதா உனக்கு?” என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த விரலுக்குப் போனார்.

“அந்தப் பக்கமா உட்காரு. நகம் குத்தும்.”

அவன் உட்கார்ந்தான்.

“இளைச்சுட்ட. மெஷினெல்லாம் நல்லா போகுதா?”

“போகுதுப்பா. ஒரு கையெழுத்து வேணும்.”

“அதானே. என்னைப் பாக்கணும்னு வந்தவன் மூஞ்சி இப்படி இருக்காது.”

பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினான். அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ‘இந்தச் சரக்கை நான் வாங்கவில்லை. எனக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.’ அவ்வளவுதான் அதில் இருந்தது. அவர் இரண்டு தடவை படித்தார். பேனாவைத் திறந்தார். மறுபடி மூடினார்.

“இது இல்லேன்னா என்ன ஆகும்?”

“சரக்கு உங்களுதுன்னு ஆயிடும். நான் கட்டின வரி அத்தனையும் போச்சு. கடையை மூடிட்டுத் தெருவில நிக்கணும்.”

“தெருவிலயா?”

“ஆமாப்பா. போடுங்க.”

பேனா திறக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே தயக்கம். அவனுக்கு உச்சந்தலை வரை சுட்டது.

“இப்பவும் போட மாட்டீங்க, அப்படித்தானே? இப்படி ஒரு நாள் வருவேன்னுதான் காத்துட்டிருந்தீங்க.”

அப்பா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊரான் வீட்டுப் பிள்ளைன்னாகூட இந்நேரம் போட்டிருப்பீங்க. பெத்த பையன் நாசமாப் போனாத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும். உங்க பேரால எனக்கு என்னிக்குமே ஒரு நல்லதும் நடந்ததில்ல.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா வாசற்படி வரை வந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டாள்.

அப்பா காகிதத்தை மடியில் வைத்து, மடிப்பை விரலால் நீவிவிட்டார்.

“வரி ஆபீஸ்லேர்ந்து நேத்தே வந்துட்டாங்கடா.”

“வந்து?”

“உன்னைப் பிடிச்சுட்டுப் போயிடப் போறாங்கன்னு பயந்து, எல்லாம் என் சரக்குதான்னு எழுதிக் கொடுத்துட்டேன்.”