அரை மணி நேர இருட்டு

கேமராவை ஸ்டாண்டில் பூட்டிவிட்டு என் கணவர் சட்டம் போட்டார்.

“அரை மணி நேரம் லைட்டே போடக்கூடாது. நடக்கவும் கூடாது, தரை அதிரும். நீ அங்க கார்கிட்டயே உட்கார்ந்துக்க.”

சுற்றிலும் ஆள் அரவமில்லாத கரடு. பாறை, முள், மேலே கொட்டிக் கிடக்கிற நட்சத்திரம். என் செல்போனைக்கூட வாங்கிக் காருக்குள் போட்டுப் பூட்டினார்.

அவர் எக்ஸ்ரே டெக்னீஷியன். பகலெல்லாம் ஊரார் எலும்பைப் படமெடுப்பார், லீவு கிடைத்தால் வானத்தை. நட்சத்திரங்கள் கோடு கோடாக விழ, ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்தே இருக்க வேண்டுமாம். நடுவில் துளி வெளிச்சம் பட்டாலும் எல்லாம் பாழ். ஒருமுறை நான் தெரியாமல் கார் கதவைத் திறந்து உள்விளக்கு எரிந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என் தம்பி போய் ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. இப்போது நட்சத்திரம் ஒன்றுதான் குறைச்சல் என்று எனக்கு ஆத்திரம். கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்திருந்தார்.

தம்பிக்காக நான் இன்னும் அழவில்லை. அம்மாவைத் தாங்க வேண்டும், அவன் மனைவியைத் தாங்க வேண்டும், துக்கம் கேட்க வந்தவர்களுக்கு டீ கொடுக்க வேண்டும். அப்புறம் வேலை. தையல் ஆலையில் எனக்குக் கீழே அறுபது பேர். சூப்பர்வைசர் கண்ணைக் கசக்கினால் நன்றாகவா இருக்கும்? கல்நெஞ்சுக்காரி என்று சித்தி சொன்னது என் காதுக்கும் வந்தது. எனக்கோ படுத்தால் தூக்கமில்லை.

“அழுத்திட்டேன்” என்று குரல் மட்டும் வந்தது.

இருட்டு என்றால் அப்படியொரு இருட்டு. என் கை எனக்கே தெரியவில்லை.

என் முகமும் யாருக்கும் தெரியாது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

முதலில் விசும்பல்தான். பிறகு அடக்க முடியவில்லை. அவன் பேரைச் சொல்லிச் சொல்லி, பாவி பாவி என்று அவனைத் திட்டி, மண்ணில் அறைந்து அறைந்து அழுதேன். வேறு யாரோ கத்துவது போல இருந்தது.

கூப்பிடு தூரத்தில் நின்ற மனுஷன் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. என்னம்மா என்று ஒரு வார்த்தை இல்லை. படம் ஆடிவிடுமாம்!

அழுது ஓய்ந்ததும் அந்த எரிச்சல்தான் மிஞ்சியது. பெண்டாட்டியைவிடப் படம் பெரிதாகப் போய்விட்டதா? இதை மட்டும் மன்னிக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது ஜன்னலைப் பார்த்தபடியே வந்தவள், எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. அப்படித் தூங்கி எத்தனையோ நாளாயிற்று.

விடிகிற நேரத்தில் என்னை வாசலில் இறக்கிவிட்டு, அப்படியே காலை டூட்டிக்குப் போய்விட்டார். கேமராப் பை காரிலேயே போனது.

டீ போடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். மிக்சிக்குப் பின்னால் பச்சையாக ஏதோ எரிந்தது. அவருடைய சார்ஜர். இரண்டு கேமரா பேட்டரியும் நேற்று சாயங்காலம் செருகியபடியே இருந்தன.

அவரிடம் இருப்பதே அந்த இரண்டுதான்.

சோற்றை மறந்தாலும் பேட்டரியை மறக்கிற ஆள் இல்லை அவர்.